கருங்காலி இன்லே (பள்ளம் குடைந்து பதித்த துண்டு) உள்ள என் மடக்குக் கத்தியின் டைட்டானியம் கைப்பிடிக்கு நிறம் ஏற்றக் கொடுத்தேன், எப்படி வந்திருக்கிறது?

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும். நிறத்துக்குப் பத்துக்கு ஒன்பது. இன்லே ஓரத்தில் காட்டிய கவனத்துக்கு எட்டு. மெயிலுக்குப் பதில் போடுகிற விஷயத்தில் இரண்டு, அதுவும் போனால் போகிறது என்று. நிறம் ஏற்றித் தந்தவரிடமே மறுபடி கொடுப்பேனா என்றால் கொடுப்பேன், ஆனால் கைக்கு எப்போது திரும்பி வந்தாலும் பரவாயில்லை என்கிற பொருளாக இருந்தால் மட்டும்.

கொடுத்தது கிரிஸ் ரீவ் கம்பெனியின் ஸ்மால் செபென்சா 31, மக்காசர் எபோனி இன்லே போட்டது. தென்னாப்பிரிக்காவில் ஆரம்பித்து 1989-ல் அமெரிக்காவுக்கு வந்த கம்பெனி, இப்போது ஐடஹோ மாநிலம் பாய்சியில் கத்தி செய்கிறார்கள். இன்லே போட்ட மாடல் 500 டாலரைத் தாண்டும். ஒரு மடக்குக் கத்திக்கா இவ்வளவு என்று வீட்டில் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம், அதனால் விலையை நான் சொன்னதே இல்லை. கைப்பிடி முழுக்க டைட்டானியம், மணல் பீய்ச்சி மங்கலாக்கிய சாம்பல் நிறம், அதில் பள்ளம் குடைந்து மரத்துண்டை ஒட்டியிருப்பார்கள். மக்காசர் எபோனி இந்தோனேசியாவில் சுலவேசிப் பக்கம் வளர்கிற கருங்காலி இனம். ஊரில் இப்போது ஆளாளுக்குக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்களே, அந்தப் பேரில் விற்பதெல்லாம் அசல்தான் என்று வைத்துக்கொண்டால், இது அதற்கு ஒன்றுவிட்ட சொந்தம். கறுப்பு மரத்தில் பழுப்புக் கோடுகள் நீளவாக்கில் ஓடும். அந்தப் பழுப்புக்குப் பக்கத்தில் வெறும் சாம்பல் உலோகம் எடுபடவே இல்லை என்பது என் அபிப்பிராயம். வெண்கல நிறம் ஏற்றினால் மரமும் உலோகமும் ஒட்டிப் போகும் என்று தோன்றியது.

இன்லே இல்லாத கைப்பிடி என்றால் இவ்வளவு எழுதவே வேண்டியதில்லை. கழற்றி, கழுவி, தொட்டியில் முக்கி, மின்சாரம் கொடுத்தால் வேலை முடிந்தது. இப்படி மின்சாரத்தால் நிறம் ஏற்றுவதுதான் ஆனோடைசிங், டைட்டானியத்தில் இதற்குச் சாயம் எதுவும் கிடையாது. பாசிட்டிவ் வயரைக் கைப்பிடிக்கும் நெகட்டிவை ஓர் எஃகுத் தகட்டுக்கும் கொடுத்து, மின்சாரம் கடத்தும் கரைசலில் வைத்து டிசி மின்சாரம் விட்டால் உலோகத்தின் மேல் ஆக்சைடு படலம் வளரும். தோராயமாக ஒரு வோல்ட்டுக்கு 2 நானோமீட்டர். படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் அதன் அடியில் போய்த் திரும்பும் ஒளியும் கலப்பதில்தான் நிறம் தெரிகிறது, மழை நாளில் ரோட்டில் பெட்ரோல் சிந்திய இடத்தில் தெரியுமே அதே விளையாட்டு. 15 வோல்ட் பக்கம் வெண்கலம், 20-ஐத் தொட்டால் ஊதா, 30-க்குள் நல்ல ஆழ்ந்த நீலம், அப்புறம் வெளிர்நீலம், 50-க்கு மேல் தங்கம், பிறகு ரோஸ், 100-ஐ ஒட்டிப் பச்சை. கரைசலும் உலோகக் கலவையும் மேற்பரப்பும் மாறினால் இந்த எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே நகரும். அசல் சிவப்பு கிடைக்காது, கறுப்பும் கிடைக்காது. ரத்தச் சிவப்பில் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் அது பெயின்ட்.

சரி, அதே தொட்டியில் மரம் ஒட்டிய கைப்பிடியைப் போட்டால் என்ன ஆகும்? பெரும்பாலானவர்கள் பயன்படுத்தும் கரைசல் ட்ரைசோடியம் பாஸ்பேட், பெயின்ட் அடிக்கும் முன் சுவர் கழுவ ஹார்ட்வேர் கடையில் விற்கிற தூள். நல்ல காரம். மரத்தில் இருக்கிற எண்ணெயை அது இழுத்துவிடும், மரம் வெளிறும் அல்லது திட்டுத் திட்டாகும். மரம் தண்ணீர் குடித்து ஊதும், காயும்போது சுருங்கும், அப்போது பசை விட்டுக்கொள்ளும். இதையெல்லாம் விட மோசம், மரத்துக்கும் உலோகத்துக்கும் நடுவில் உள்ள இடுக்கில் கரைசல் போய் உட்கார்ந்துகொள்வது. வந்த அன்று கைப்பிடி ஜம்மென்று இருக்கும், சில வாரம் கழித்துப் பார்த்தால் இன்லேயைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும்.

இதற்கு முந்தின கட்டமான சுத்தம் செய்வதிலும் வில்லங்கம் உண்டு. விரல் ரேகை இருந்தாலே அந்த இடத்தில் நிறம் திட்டாகும் என்பதால் சாதாரண டைட்டானியத்தை அசிட்டோனில் ஊறப்போட்டுவிடுவார்கள். இன்லே ஒட்டிய எப்பாக்சிப் பசைக்கு அசிட்டோன் ஊறல் நல்லதல்ல, அக்ரிலிக் இன்லே என்றால் மயிரிழை விரிசல் விடும். ஏற்கெனவே ஆனோடைஸ் செய்த கைப்பிடி என்றால் பழைய நிறத்தை எடுக்க ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமோ அந்த வகை எட்ச்சோ (மேற்பரப்பை அரித்தெடுக்கும் அமிலக் கரைசல்) போடுவார்கள், அது பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

நெருப்பில் காட்டி நிறம் ஏற்றும் வழியும் இருக்கிறது, ஆனால் அதற்குப் பல நூறு டிகிரி வேண்டும், ஒட்டிய இன்லேக்கு அந்தப் பேச்சே எடுக்க வேண்டாம்.

இந்த ஆளை எப்படிப் பிடித்தேன் என்று கேட்பீர்கள். நான் இருப்பது ஒரிகன் மாநிலத்தில் போர்ட்லாந்து பக்கம். இங்கே கத்திக்காரர்களுக்குப் பஞ்சமில்லை, பெஞ்ச்மேட் ஒரிகன் சிட்டியில், கெர்ஷா டுவாலட்டினில். டைட்டானியத்துக்கும் இந்த மாநிலத்துக்கும் பழைய உறவு வேறு உண்டு: டைட்டானியத்தைத் தொழிற்சாலை அளவில் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டுபிடித்த லக்சம்பர்க்காரர் வில்லியம் க்ரோல், 1940-களில் இங்கே ஆல்பனியில் அரசு ஆய்வுக்கூடத்தில்தான் சிர்கோனியம் வேலை செய்துகொண்டிருந்தார். கத்திக்கு இது சம்பந்தமில்லாத கதை, ஆனாலும் எனக்குப் பிடிக்கும். கத்திக்காரர்கள் இவ்வளவு பேர் இருப்பதால் கராஜில் தொட்டி வைத்து ஆனோடைஸ் செய்து தருபவர்கள் இங்கே கிடைப்பார்கள். நிறம் நிறமாகப் படம் போடுபவர்கள் நிறைய. இன்லே என்று சொன்னதும் கேள்வி கேட்பவர்கள் அபூர்வம். ஒருவர் "செய்யலாம், அனுப்புங்கள்" என்று ஒரே வரியில் முடித்தார், அங்கேயே அவரை விட்டுவிட்டேன். இவர் கேட்டார்: என்ன மரம், மேலே பூச்சு இருக்கிறதா, நீங்கள் எண்ணெய் தடவியிருக்கிறீர்களா, கைப்பிடி இதற்கு முன் ஆனோடைஸ் ஆனதா, இன்லே ஓரத்தில் நகத்தை ஓட்டினால் எங்காவது தட்டுகிறதா. கடைசிக் கேள்விதான் என்னைக் கவிழ்த்தது. ஓரத்தில் இடைவெளி இருந்தால் கரைசல் நுழையும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. பெயரைப் போடவில்லை, கீழே கொஞ்சம் குறையும் சொல்லப் போகிறேன், ஒரே ஆள் நடத்துகிற இடம், பாவம்.

சாதாரணக் கைப்பிடிக்கு 40 டாலர், இன்லே இருந்தால் 85. இரண்டு மடங்குக்கு மேல் வாங்குகிறாரே என்று முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. வேலை செய்யும்போது எடுத்து அனுப்பிய சின்ன வீடியோவைப் பார்த்ததும் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். தொட்டியில் முக்கவே இல்லை. பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, உரித்தெடுக்கக் கூடிய ரப்பர் மாதிரியான ஒரு திரவ மாஸ்க்கை மெல்லிய பிரஷ்ஷால் மரத்தின் மேல் தடவுகிறார், ஓரம் வந்ததும் கை நிற்கிறது, மூச்சு விட்டுவிட்டு மறுபடி இழுக்கிறார். அதன் பிறகு பிரஷ் ஆனோடைசிங்: பாசிட்டிவ் வயர் கைப்பிடியில், நெகட்டிவ் வயர் ஒரு எஃகுத் தண்டில், தண்டின் முனையில் கரைசலில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்ச். அதை உலோகத்தின் மேல் நகர்த்த நகர்த்த நிறம் பின்னாலேயே வருகிறது. ஸ்பாஞ்ச் தொடும் இடத்தில் மட்டும்தான் ஈரம். கரைசலும் போராக்ஸ், பாஸ்பேட்டை விடக் காரம் குறைவு. முடிந்ததும் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த துணியால் பலமுறை ஒற்றி எடுக்கிறார்.

செபென்சாவில் இன்னொரு வசதியும் இருக்கிறது. கழற்றுவதற்கான ஆலன் கீயைக் கம்பெனியே பெட்டியில் போட்டுத் தருகிறது, 31 மாடலின் லாக் (விரித்த அலகு மடங்காமல் தாங்கும் பட்டை) முனையில் இருப்பது செராமிக் குண்டு, அது மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் அப்படியே விட்டுவிடலாம். கைப்பிடியிலேயே வெட்டிய பட்டை லாக்காக இருக்கும் வேறு பல டைட்டானியம் ஃப்ரேம்லாக் கத்திகளில் லாக் முனையில் எஃகுத் துண்டைத் திருகி வைத்திருப்பார்கள், அதைக் கழற்றாமல் கரைசலில் முக்கினால் மின்சாரமெல்லாம் எஃகு வழியாகவே ஓடும், எஃகு துரு கக்கும், டைட்டானியத்தில் நிறமும் ஒழுங்காக ஏறாது. திருகு, வாஷர், ஸ்டாப் பின் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பித்தளை, செம்பு, டமாஸ்கஸ் எஃகு இன்லேக்களுக்கும் இதேதான், என்ன, அவற்றைக் கழற்ற முடியாது. மொகுடி, டிமாஸ்கஸ் போன்ற டைட்டானியம் அடுக்குகள் விதிவிலக்கு, அவை கைப்பிடியோடு சேர்ந்து தாங்களும் நிறம் ஏறும், அடுக்குக்கு அடுக்கு வேறு நிறமாக, பார்க்க அமர்க்களமாக இருக்கும்.

இந்த இடத்தில் அவர் நேர்மையைச் சொல்ல வேண்டும். கூடவே கார்பன் ஃபைபர் இன்லே வைத்த இன்னொரு கத்தியையும் அனுப்பியிருந்தேன். அதைத் தொடாமல் திருப்பி அனுப்பிவிட்டார், பணம் வாங்கவில்லை. கார்பன் ஃபைபர் பார்க்கப் பிளாஸ்டிக் மாதிரி இருந்தாலும் மின்சாரத்தைக் கடத்தும். கைப்பிடியில் பாசிட்டிவ் கொடுத்தால் அதுவும் பாசிட்டிவ் ஆகிவிடும், டைட்டானியம் மாதிரி அதன் மேல் தடுப்புப் படலம் வளராது என்பதால் கரண்ட் நிற்காமல் அதன் வழியே போகும், குமிழ் கிளம்பும், நெசவின் பளபளப்பு அரித்துப்போய் சாம்பல் பூக்கும். மாஸ்க்கில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் போதுமாம். அந்த 85 டாலரை விட மனசு வராமல் "பார்க்கலாம்" என்று கையை வைக்கிற ஆளாக இருந்திருந்தால் என் கத்தி போயிருக்கும்.

மற்ற இன்லேக்களைப் பற்றியும் கொஞ்சம். ஜி10 (கண்ணாடி இழையைப் பிசினில் அழுத்திச் செய்தது) பயமில்லாதது, தண்ணீரும் குடிக்காது, மின்சாரமும் கடத்தாது. மைக்கார்டா (துணியையோ காகிதத்தையோ பிசினில் அழுத்திச் செய்தது) ஈரத்தையும் எண்ணெயையும் உறிஞ்சும், குறிப்பாக துணி மைக்கார்டா, ஓரம் கறுக்கலாம். முத்துச்சிப்பி, எலும்பு, மாமத் தந்தம் இவை மூன்றும் கால்சியம் சமாசாரம், அமிலத்தின் பக்கத்திலேயே போகக்கூடாது. அங்கேதான் அந்த எட்ச் விஷயம் வருகிறது. கத்திக் கைப்பிடிகளில் வழக்கமாக இருப்பது கிரேடு 5 டைட்டானியம், 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்தது. எட்ச் செய்யாமல் அதில் பச்சை, டீல் (நீலப்பச்சை) போன்ற உயர் வோல்ட்டேஜ் நிறங்கள் கலங்கலாகத்தான் வரும். ஆக முத்துச்சிப்பி இன்லேயைச் சுற்றிப் பளிச்சென்று பச்சை வேண்டும் என்று ஆசைப்பட்டால், பச்சைக்கு அமிலம் வேண்டும், சிப்பிக்கு அமிலம் எமன், இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். அது மட்டுமில்லை, ஆனோடைஸ் படலம் நானோமீட்டர் கணக்கு என்பதால் பொருத்தத்தில் எந்த மாற்றமும் தெரியாது, எட்ச் அப்படியில்லை, உலோகத்தையே தின்னும். செபென்சா மாதிரி இழைத்துப் பொருத்திய கத்தியில் அலகு சுழலும் பிவட் துளையை அமிலத்துக்குக் காட்டுவது எனக்குச் சம்மதமில்லை. எட்ச் இல்லாமலே நன்றாக வரக்கூடியது வெண்கலமும் நீலமும்தான். வோல்ட்டேஜ் குறைவாக இருந்தால் குமிழும் குறைவு, மாஸ்க்கின் ஓரம் தூக்கிக்கொள்ளாது, ஆகவே இன்லேக்காரர்களுக்கு இந்தப் பக்கமே நல்லது.

இப்போது வந்த பொருள். வெண்கலம் என்றால் பளபள வெண்கலம் இல்லை. மணல் பீய்ச்சிய பரப்பில் எந்த நிறமும் அடங்கித்தான் தெரியும், மங்கலான, கொஞ்சம் மண் கலந்த பழுப்பு. ஜன்னல் பக்கம் சாய்த்தால் ஒரு கோணத்தில் லேசாகத் தங்கம் எட்டிப் பார்க்கிறது. பட்டை பட்டையாக இல்லை, ஸ்பாஞ்ச் நின்ற தடம் எங்கும் இல்லை, திருகுத் துளைகளின் சரிவுக்குள்ளும் நிறம் போயிருக்கிறது, அது தொட்டியில் முக்காமல் செய்வதற்குச் சுலபமில்லை. வயர் பிடித்த இடத்தில் நிறம் ஏறாத ஒரு புள்ளி இருக்கத்தான் செய்யும், அதைக் கைப்பிடியின் உள்பக்கத்தில் வைத்துவிட்டார், பூட்டிய பிறகு தெரியாது. மரத்தின் பழுப்புக் கோடும் உலோகமும் நான் நினைத்ததை விடவே ஒட்டிப் போகின்றன. மரம் வெளிறவில்லை. விரலால் தடவினால் ஓரம் முன்பு இருந்த மாதிரியே வழுக்கிக்கொண்டு போகிறது, உப்பும் பூக்கவில்லை.

இன்லே ஓரத்துக்குக் குறைத்த அந்த இரண்டு மதிப்பெண் எங்கே போனது என்றால், இன்லே வால் பக்கம் வளைகிற மூலையில். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் கண்ணாடி வைத்துப் பார்த்தால் மரத்துக்கும் வெண்கலத்துக்கும் நடுவில் ஒரு முடி அகலத்துக்குச் சாம்பல் கோடு. மாஸ்க் அங்கே உலோகத்தின் மேல் துளி ஏறியிருக்கிறது. வெறும் கண்ணுக்கு நல்ல வெளிச்சத்தில், தெரிந்துவைத்துக்கொண்டு பார்த்தால் மட்டும் தெரியும். மற்ற இடமெல்லாம் நிறம் மரத்தைத் தொட்டு நிற்கிறது. மாஸ்க் உள்ளே தள்ளியிருந்தால் மரம் ஈரம் குடித்திருக்கும், வெளியே தள்ளினால் சாம்பல் கோடு. இரண்டில் ஒன்று தப்ப வேண்டுமென்றால் வெளியே தப்புவதுதான் சரி, அதனால் எட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

கத்தியைப் பையில் மாட்டுகிற கிளிப் மட்டும் எனக்குத் திருப்தியில்லை. அதுவும் டைட்டானியம்தான், கைப்பிடியோடு சேர்த்தே செய்யச் சொன்னேன். வந்தது வெண்கலத்தில் ஊதா கலந்த ஒரு நிறம். வெண்கலத்தில் இருக்கிற தொல்லை இது: ஊதா நாலைந்து வோல்ட் தள்ளிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, மேற்பரப்பு கொஞ்சம் வேறு மாதிரி இருந்தாலும் அதே வோல்ட்டேஜில் நிறம் நகர்ந்துவிடும். கிளிப்பைத் தனியாக ஒரு முறை ஒத்துப் பார்த்திருக்கலாம்.

பயன்பாட்டில் எப்படி என்றால், சட்டைப் பையில் போட்டு வைத்தால் ஒன்றும் ஆகவில்லை. பேன்ட் பையில் சாவியோடு கிடந்தால் விளிம்புகளில் சாம்பல் எட்டிப் பார்க்கும், எல்லா டைட்டானியம் நிறத்துக்கும் இந்த விதிதான், வெண்கலம் படலமே மெல்லிசு என்பதால் இன்னும் சீக்கிரம். கை எண்ணெய் பட்டால் நிறம் மங்கி வேறாகத் தெரியும், பயப்பட வேண்டாம், போய்விடவில்லை. துணியில் கொஞ்சம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்து உலோகத்தை மட்டும் துடைத்தால் திரும்பி வந்துவிடும். மரத்தில் பட விடாதீர்கள்.

குறை என்றால் காலமும் தகவலும். சொன்ன தேதி தாண்டி வாரக்கணக்கில் ஒரு சத்தமும் இல்லை. 500 டாலர் பொருளை முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு மெயில் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பது நல்ல அனுபவம் இல்லை. "கொஞ்சம் தாமதமாகும்" என்று ஒரு வரி போட எவ்வளவு நேரமாகும்? பேக்கிங் அருமை, கைப்பிடித் துண்டுகள் தனித்தனியாக நுரையில், திருகுகள் எல்லாம் பெயர் எழுதிய சின்னப் பையில். வேலையில் இருக்கிற பொறுப்பில் கால்வாசி பதில் போடுவதில் இருந்தால் இந்தப் பகுதியே எழுத வேண்டியிருக்காது.

வீட்டிலேயே செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: இன்லே இல்லாத கைப்பிடி, இல்லை உள்பக்கத்திலிருந்து சின்னத் திருகு போட்டு மாட்டிய, கழற்றக் கூடிய இன்லே என்றால் தாராளமாக. 9 வோல்ட் பேட்டரிகளை வரிசையாகக் கோத்தே பலர் செய்கிறார்கள். ரப்பர் கையுறை போடுங்கள், 100 வோல்ட் டிசி விளையாட்டில்லை. பாஸ்பேட் தூள் வாங்கும்போது பெட்டியைப் படித்து வாங்குங்கள், பாஸ்பேட் இல்லாத மாற்றுத் தூளையும் கிட்டத்தட்ட அதே பெயரில் விற்கிறார்கள். ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் மட்டும் வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம், தோல் வழியே இறங்கி உடம்பில் இருக்கிற கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், வலி தெரிவதற்குள் வேலையைக் காட்டியிருக்கும். ஒட்டிய இன்லே என்றால் கழற்றப் பார்க்காதீர்கள், மரம் உடையும். ஆளிடம் கொடுங்கள், கொடுக்கும் முன் கத்தி செய்த கம்பெனியிடம் உத்தரவாதம் என்ன ஆகும் என்று கேட்டுவிடுங்கள், முக்கிச் செய்வாரா பிரஷ்ஷிலா என்று செய்பவரிடமும் கேளுங்கள். முக்குவேன் என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பாருங்கள்.

கிளிப் நிறம் பற்றி எழுதிப் படமும் அனுப்பினேன். அதற்கு மட்டும் என்ன அதிசயமோ மறுநாளே பதில் வந்தது: அனுப்பி வையுங்கள், காசு வேண்டாம், தபால் செலவு மட்டும் உங்களுடையது, இந்த முறை கைப்பிடியின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு ஒரு வோல்ட்டாக ஏற்றுகிறேன் என்று. போன சனிக்கிழமை தபாலில் போட்டிருக்கிறேன்.